பிலிமில் விழாத பொட்டு

அறுபதுகளின் கடைசியில் எனக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை அருப்புக்கோட்டையில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருக்கிறார் என்று எங்கள் வீட்டில் சொன்னார்கள். வந்து பார்த்தபோது ஸ்டுடியோதான் அவரை வைத்திருந்தது. கேமராவுக்கு வெயில் ஆகாது, பிலிமுக்குச் சூடு ஆகாது, பேப்பருக்கு ஈரம் ஆகாது. இத்தனை பேருக்கும் பத்தியம் பார்த்துவிட்டு மிச்சமிருந்த நேரத்தில் அவர் என் புருஷனாக இருந்தார்.

முன்னால் ஸ்டுடியோ, பின்னால் வீடு. ஒரு பக்கம் விசைத்தறிக் கூடம், இன்னொரு பக்கம் நூலுக்குச் சாயம் போடும் பட்டறை. தறி ஓடும்போது எங்கள் சுவரில் மாட்டியிருந்த மணமக்களெல்லாம் சட்டத்துக்குள் மெல்ல நடுங்குவார்கள். நான் மதுரையில் பௌதிகம் படித்துப் பட்டம் வாங்கியவள். ஒளியைப் பற்றிய பாடம் எனக்குப் பிடிக்கும். அதை என் மாமியார் பக்கத்து வீடுகளில், "மருமக லைட்டப் பத்திப் படிச்சிருக்கா" என்று சொல்லி வைத்தார். அன்றிலிருந்து தெருவில் யார் வீட்டில் ப்யூஸ் போனாலும் என்னைக் கூப்பிட்டார்கள்.

நான் வந்த மறு வருஷம், நாங்கள் வழக்கமாக வாங்கிவந்த பிலிம் கிடைக்காமல் போனது. மதுரையிலிருந்து புது மாதிரிப் பிலிம் வாங்கி வந்தார். எல்லா நிறத்தையும் பிடிக்கிற பிலிம் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார்; படம் என்னவோ அதே கறுப்பு வெள்ளைதான். அதில் அவருக்கு ஒரு மனக்குறை. பழைய பிலிமை இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டே கழுவலாம். புதுசைக் கும்மிருட்டில்தான் கழுவ வேண்டும். முதல் நாளே இருட்டில் வாளியில் கால் இடறி, பிலிம் செய்த கம்பெனிக்காரனின் தாய் தகப்பனை வரிசையாகக் கூப்பிட்டார். நான் வெளியே நின்று சிரித்தேன். "சிரி, சிரி. இருட்டுக்குள்ள வந்து பாரு, தெரியும்" என்றார். "இருட்டுல வந்தா எப்படித் தெரியும்?" என்றேன். அன்று இரவு சாப்பாட்டில் உப்பு சரியில்லை என்று பழி தீர்த்துக்கொண்டார்.

அந்தப் பிலிமில்தான் திருச்சுழியில் பலசரக்குக் கடை வைத்திருந்த அண்ணாச்சியின் சம்சாரத்தைப் படம் எடுத்தார். அந்த அம்மாவின் மகளைக் கோயம்புத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தது. அம்மா முகத்தைப் பார்க்கணும்போல இருக்கு, ஒரு போட்டோவாவது அனுப்புங்கள் என்று மகள் கேட்டிருந்தாள். அண்ணாச்சி வத்தல் கொள்முதலுக்கு நரிக்குடிப் பக்கம் போயிருந்ததால், அந்த அம்மா மட்டும் ஒரு சாயங்காலம் பஸ்ஸில் வந்து இறங்கினார். நல்ல சிவப்பில் சேலை, நெற்றியில் ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, கேமராவைக் கடன்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். படம் எடுத்தாயிற்று. கழுவி, உறையில் போட்டு, அந்த அம்மா கொடுத்த கோயம்புத்தூர் விலாசத்துக்கே நேராக அனுப்பிவிட்டார் என் வீட்டுக்காரர். அனுப்புமுன் என்னிடம் காட்டவில்லை. அவரும் சரியாகப் பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரு வாரம் கழித்துக் காலையில் ஸ்டுடியோ வாசலில் ஒரு கூட்டம் வந்து நின்றது. முன்னால் அந்த அம்மா. பின்னால் அழுது வீங்கிய கண்ணோடு ஒரு இளம்பெண், அவள் புருஷன், இரண்டு பிள்ளைகள், இன்னும் நாலைந்து சொந்தக்காரர்கள். எல்லாருக்கும் பின்னால் வெற்றிலை போட்டுக்கொண்டு, ஏதோ திருவிழா பார்க்க வந்தவர்போல ஒரு பெரியவர்.

அந்த அம்மா போட்டோவை மேசைமேல் வைத்தார். "தம்பி, இதப் பாருங்க. என் பொட்டு எங்க?"

நான் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தேன். போட்டோவில் அந்த அம்மா இருந்தார். நெற்றி மொழுக்கென்று இருந்தது. குங்குமத்தின் சுவடே இல்லை. சிவப்புச் சேலை வெளுத்துப்போய், வெள்ளைச் சேலைபோலத் தெரிந்தது. பக்கத்தில் புருஷனும் இல்லாமல் தனியாக ஒரு படம்.

மகள் உறையைப் பிரித்துப் பார்த்திருக்கிறாள். அப்பா போய்விட்டார், தகவல்கூடச் சொல்லாமல் படத்தை அனுப்பியிருக்கிறார்கள் என்று அவளே முடிவு செய்துவிட்டாள். பிள்ளைகளை இழுத்துக்கொண்டு, வழியெல்லாம் அழுதுகொண்டு, மதுரையில் இருந்த சொந்தக்காரர்களையும் சேர்த்துக்கொண்டு திருச்சுழிக்கு வந்து, தெருமுனையிலிருந்தே ஒப்பாரியை ஆரம்பித்திருக்கிறாள். வீட்டுக்குள் நுழைந்தால் அப்பா உட்கார்ந்து கம்பங்கூழுக்கு வத்தல் கடித்துக்கொண்டிருக்கிறார்.

"அந்தச் செத்த ஆளு நாந்தான்" என்றார் வெற்றிலைப் பெரியவர், முன்னால் வந்து. "என் சாவுக்கு யார் யாரு எப்படி அழுவாகன்னு பாக்குற பாக்கியம் எனக்குக் கிடைச்சுச்சு. இந்தா நிக்கிறானே என் தம்பி மகன், கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. குறிச்சு வச்சிருக்கேன்."

தம்பி மகன் தலையைக் குனிந்துகொண்டான்.

அந்த அம்மா புருஷனை ஒரு பார்வை பார்த்தார். "உங்களுக்கு எல்லாம் சிரிப்புத்தான். ஏத்தா, நீ சொல்லு" என்று என்னைப் பார்த்துத் திரும்பினார். "உசுரோட இருக்கிற மனுசன எப்படி ஒரு படம் சாகடிக்கும்?"

என் வீட்டுக்காரருக்கு வேர்த்துவிட்டது. சேலை பழசு என்றார், பிலிம் புதுசு என்றார், கடைசியில், "மை வச்சு நானே ஒரு பொட்டு வரஞ்சு தாரேம்மா" என்றார்.

"என் நெத்தியில பொட்டு வைக்க நீங்க யாரு தம்பி?"

பதினைந்து நாளில் வாங்க, சரியாக எடுத்துத் தருகிறோம் என்று நான்தான் சொன்னேன். எந்தத் தைரியத்தில் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. கூட்டம் போனதும் அவர் என்னிடம் கேட்டார்: "என்னத்தச் சரி பண்ணுவ?"

"உங்க வாளி சொல்லிருச்சு" என்றேன்.

நான் நினைத்தது இதுதான். பழைய பிலிமைச் சிவப்பு விளக்கில் கழுவ முடிந்தது. அப்படியானால் அதற்குச் சிவப்பே தெரியாது. அதனால் அதில் எடுத்த படங்களில் குங்குமமெல்லாம் கரியாகத் தெரிந்தது. சிவப்புச் சேலையெல்லாம் கறுப்புச் சேலையாக விழுந்தது. யாரும் குறை சொல்லவில்லை. பொட்டு பெரிதாகத் தெரிந்தால் யார் குறை சொல்வார்கள்? புதுப் பிலிம் சிவப்பு விளக்கில் கெட்டுப்போகிறது என்றால், அதற்குச் சிவப்பு நன்றாகத் தெரிகிறது. நம் கண்ணுக்குச் சிவப்பு கொஞ்சம் மங்கலான நிறம். பிலிமுக்கோ அது பிரகாசமான நிறம்.

இன்னொன்றும் இருந்தது. எங்கள் ஸ்டுடியோ பல்புகளின் வெளிச்சமே செம்மஞ்சள். சாயங்காலம் தறிகளும் கிணற்று மோட்டார்களும் சேர்ந்து ஓடும்போது வோல்டேஜ் இறங்கி, பல்பு இன்னும் சிவந்துபோகும். அறைக்குள் நுழைந்த கொஞ்ச நேரத்தில் நம் கண் அதைச் சரிக்கட்டிக்கொண்டு, வெள்ளை வேட்டியை வெள்ளை வேட்டி என்றே சொல்லும். பிலிமுக்கு அந்தத் தாட்சண்யம் கிடையாது. சிவந்த வெளிச்சத்தில் சிவந்த பொட்டு, மாநிற நெற்றியோடு நெற்றியாகக் கரைந்துவிட்டது.

"அப்ப நம்ம கண்ணுதான் பொய் சொல்லுதுங்கிற" என்றார் அவர்.

"கண்ணு அனுசரிச்சுப் போகுது. உங்க பிலிமு உங்க மாதிரி."

பிலிம் கண்ணைப்போலப் பார்க்க வேண்டுமானால், முதலில் கண் எப்படிப் பார்க்கிறது என்று தெரிய வேண்டும். சாயப் பட்டறையில் மிச்சம் விழுந்த நூல் சிட்டங்களைக் கேட்டு வாங்கினேன். சிவப்பு, நீலம், பச்சை, மஞ்சள், அரக்கு, ஊதா. நிறத்தை மறந்துவிட்டு, எது வெளிச்சம், எது மங்கல் என்று மட்டும் பார்த்து வரிசையாகக் கொடியில் தொங்கவிட வேண்டும். அதையே படம் எடுத்து, பிலிம் என்ன வரிசை சொல்கிறது என்று ஒத்துப்பார்க்கலாம் என்பது என் ஏற்பாடு.

அவர் மத்தியானம் முற்றத்தில் நின்று வரிசைப்படுத்தினார். கண்ணைச் சுருக்கி, தலையைச் சாய்த்து, சந்தையில் மாடு பிடிக்கிறவர்போல. நீலத்தைவிடச் சிவப்புதான் வெளிச்சம் என்று வைத்தார். நான் அடுப்படி வேலை முடித்து வந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. பார்த்தால் சிவப்புச் சிட்டம் கறுத்துக் கிடக்கிறது, நீலம் பளிச்சென்று நிற்கிறது.

"இதென்ன வரிசை? கண்ணு தெரியுதா இல்லையா உங்களுக்கு?" என்று மாற்றி வைத்தேன்.

காலையில் அவர் கொடியைப் பார்த்துவிட்டு அடுப்படிக்கே வந்தார். "பட்டம் வாங்குன கண்ணுக்குச் சிவப்பும் நீலமும் தெரியல. வந்து பாரு."

போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் சரி. சிவப்புதான் வெளிச்சம். எனக்கு அவமானமாகிவிட்டது. ஆனால் முந்தின நாள் நான் கண்ட காட்சியும் பொய்யில்லை. அன்று முழுக்க நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. மாமியார்தான் நடுவில் சோற்றைக் கொண்டுவந்து வைத்தார்.

சாயங்காலம் ஒரு பந்தயம் கட்டினோம். வெயில் இருக்கும்போதே இருவரும் கொடிக்கு எதிரில் உட்கார்ந்துவிடுவது, இருட்டும்வரை எழுந்திருப்பதில்லை. அப்படியே உட்கார்ந்தோம். வெயில் இறங்கி, தெருவில் புழுதி அடங்கி, வானம் சாம்பலாகும்போது, எங்கள் கண்ணெதிரிலேயே சிவப்பு மெல்லக் கறுத்துக்கொண்டு வந்தது. நீலம் மெல்ல எழும்பியது. எந்த நிமிஷத்தில் ஒன்றையொன்று தாண்டியது என்று சொல்ல முடியவில்லை.

"ஏலே, ரெண்டு பேரும் நூலப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கீக, உள்ள விளக்கப் பொருத்த ஆளில்ல" என்று மாமியார் சத்தம் போட்டார். "அய்யய்யோ, இவுகளுக்கு என்ன ஆச்சு?"

அப்போதுதான் படித்தது நினைவுக்கு வந்தது. விழிக்குள் இரண்டு கூட்டம் வேலையாட்கள் இருக்கிறார்கள். பகல் முறைக்காரர்களுக்கு எல்லா நிறமும் தெரியும். அந்தியில் அவர்கள் வேலையை விட்டு இறங்க, ராத்திரி முறைக்காரர்கள் வருவார்கள். அவர்களுக்குச் சிவப்பு என்றால் ஆகாது. இதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். சொந்த முற்றத்தில், சொந்தப் புருஷனோடு சண்டை போடும்போது மட்டும் மறந்துவிட்டது.

"அப்ப ரெண்டு பேரும் சரி" என்றார் அவர்.

"அப்படித்தான்."

"கல்யாணம் ஆனதுக்கப்புறம் இன்னைக்குத்தான் இது நடக்குது."

போட்டோவை ஜனங்கள் பகலில்தான் பார்க்கிறார்கள். அதனால் பகல் கண்ணையே அளவாக வைத்துக்கொள்வது என்று முடிவானது. அதாவது அவருடைய வரிசை. அதை அவர் பல வருஷம் சொல்லிக் காட்டினார். நூலை ஸ்டுடியோ சுவரில் மாட்டிப் பல்பு வெளிச்சத்தில் படம் எடுத்தோம். நினைத்ததுபோலவே, பிலிம் சிவப்பைத் தூக்கி மஞ்சளுக்குப் பக்கத்தில் வைத்திருந்தது.

இனி சிவப்பை மட்டும் கொஞ்சம் அமுக்க வேண்டும். நாடகக்காரர்கள் விளக்குக்குக் கட்டுகிற பச்சைக் கண்ணாடித்தாளைப் பல்புக்கு முன்னால் கட்டிப் பார்த்தோம். சுருங்கிக் கருகி, வீடு முழுக்க நாற்றம். கேமராவுக்கு முன்னால் கட்டினால் படம் பனி மூடினதுபோல வந்தது. சொன்ன கெடுவில் பாதி போய்விட்டது.

அவரிடம் ஒரு பச்சைக் கூலிங் கிளாஸ் இருந்தது. எங்கள் கல்யாணத்தில் என் அண்ணன் போட்டுவிட்டது. வெயில் இருக்கிறதோ இல்லையோ, அதை மாட்டாமல் வெளியே இறங்க மாட்டார். ஒருநாள் மத்தியானம் பாலவனத்தத்தில் ஒரு காதுகுத்தில் படம் எடுத்துவிட்டு, அதை மாட்டியபடியே உள்ளே வந்தவர் சுவரைப் பார்த்து நின்றார்.

"யாரு இந்தச் சிவப்பு நூல எடுத்துட்டு அரக்கு மாட்டுனது?"

"யாரும் மாத்தல."

"நல்லாப் பாரு, கறுத்துக் கிடக்கு."

நான் கையில் இருந்ததைக் கீழே வைத்தேன். "அப்படியே நில்லுங்க. கண்ணாடியக் கழட்டாதீங்க. என் நெத்தியப் பாருங்க. பொட்டு எப்படி இருக்கு?"

"கரேர்னு இருக்கு" என்றவருக்கு, சொல்லும்போதே விளங்கிவிட்டது. இரண்டு கையாலும் கண்ணாடியைப் பிடித்துக்கொண்டார். "முடியாது."

"ஒரு பக்கம் மட்டும் குடுங்க."

"ஒரு பக்கக் கண்ணாடிய மாட்டிக்கிட்டு நான் எப்படி பஜாருக்குப் போறது?"

"எங்க அண்ணன் வாங்கிக் குடுத்ததுதானே?"

"குடுத்தத திருப்பிக் கேக்குற குடும்பம்னு எங்க அம்மா அப்பவே சொன்னாக."

அன்று சாயங்காலம் அவரே சட்டத்தை லேசாகச் சூடுகாட்டி ஒரு பச்சைக் கண்ணாடியைக் கழற்றினார். முகம் பல் பிடுங்கக் கொடுத்தவன் முகம்போல இருந்தது. பஜாரில் இருந்த தகரப் பட்டறையில் சொல்லி, கேமராவின் கண்ணில் செருகுகிற மாதிரி ஒரு வளையம் செய்து, அதற்குள் அதைப் பொருத்தினோம். வெளிச்சம் குறைந்ததால் கூடுதல் நேரம் திறந்து வைக்க வேண்டியிருந்தது. நூலைப் படம் எடுத்துக் கழுவிப் பார்த்தோம். அவர் மத்தியானம் வைத்த அதே வரிசை. ஊதா மட்டும் கொஞ்சம் முரண்டு பிடித்தது; அதை விட்டுவிட்டோம்.

குறித்த நாளில் அந்த அம்மா அதே சிவப்புச் சேலையில் வந்தார். இந்தத் தடவை அண்ணாச்சியும் கூட வந்தார். "இன்னொரு வாட்டி சாக எனக்கு இஷ்டமில்ல" என்றார். பக்கத்துத் தறிக்காரரிடம் சொல்லிக் கொஞ்ச நேரம் தறியை நிறுத்தச் சொன்னோம். பல்பு தெளிந்து எரிந்தது. படம் எடுத்து, கழுவி, அச்சுப் போட்டு, ஈரத்தோடு கொண்டுவந்து காட்டினார் என் வீட்டுக்காரர்.

பொட்டு இருந்தது. வட்டமாக, அழுத்தமாக, நெற்றியில் உட்கார்ந்திருந்தது. சேலை சேலையாக இருந்தது. ஆனால் அண்ணாச்சி படத்தை வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, "பொட்டு வந்துருச்சு. ஆளு கறுத்துப்போச்சே" என்றார்.

உண்மைதான். நம் ஊர் முகத்தில் மாநிறத்துக்குள் எவ்வளவோ சிவப்பு இருக்கிறது. பச்சைக் கண்ணாடி குங்குமத்தை அமுக்கினபோது முகத்தையும் சேர்த்து அமுக்கிவிட்டது. கண்ணுக்குத் தெரிகிற நிறத்தையே பிலிமில் கொண்டுவந்துவிட்டோம் என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். போட்டோவில் கண்ணுக்குத் தெரிகிற நிறம் வேண்டும் என்று யார் கேட்டார்கள் என்று நான் யோசிக்கவேயில்லை. செம்மஞ்சள் பல்பும் புதுப் பிலிமும் சேர்ந்து அதுவரை எல்லாரையும் ஒரு படி வெளுப்பாக்கிக் காட்டியதை, யாரும் வந்து புகார் சொல்லவில்லையே.

அந்த அம்மா படத்தை வாங்கினார். நெடுநேரம் பார்த்தார். பிறகு விரலால் படத்தின் நெற்றியைத் தொடாமல் தொட்டார்.

"நான் என்ன வெள்ளைக்காரியா?" என்றார் புருஷனிடம். "இது நாந்தான். இத அனுப்புங்க."

படியிறங்கும்போது அண்ணாச்சி என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, "தம்பி, என்னைய எடுக்கும்போது அந்தப் பச்சையக் கழட்டிட்டு எடுங்க. எனக்குப் பொட்டு ஒண்ணும் கிடையாதுல்ல" என்றது என் காதிலும் விழுந்தது.

அதிலிருந்து எங்கள் ஸ்டுடியோவில் ஒரு வழக்கம் வந்தது. பெண் பார்க்க அனுப்புகிற படமென்றால் பச்சை கிடையாது. பெண்ணுக்கு மையில் பொட்டு வைத்துவிடுவோம், முகம் வெளுப்பாக விழும். கல்யாணம் ஆகி வந்தால் பச்சை உண்டு. ஒரே பெண் ஆறு மாத இடைவெளியில் இரண்டு நிறத்தில் எங்கள் கண்ணாடி அலமாரியில் இருந்தாள். புருஷன்காரன் எவனாவது அதைக் கவனித்தானா என்று தெரியாது. கவனித்திருந்தால் வீட்டில் கேட்டிருக்க மாட்டான்.

சங்கதி பரவி, காரியாபட்டியிலிருந்தும் நரிக்குடியிலிருந்தும் ஸ்டுடியோக்காரர்கள் வந்து அந்த வளையத்தைக் கேட்டார்கள். என் வீட்டுக்காரர் தகரப் பட்டறையில் வரிசையாகச் செய்யச் சொன்னார். கூலிங் கிளாஸ் விற்கிறவர், இந்த ஊரில் திடீரென்று எல்லாருக்கும் கண் நோய் வந்துவிட்டதோ என்று விசாரித்தாராம். நான் ஒவ்வொரு கண்ணாடியையும் நூலுக்கு எதிரே வைத்துச் சோதித்து, ரொம்பப் பச்சையாக இருந்ததை ஒதுக்கினேன். காரியாபட்டிக்காரர் மட்டும் வளையத்தைத் திருப்பிக் கொண்டுவந்தார். வெளியில் வெயிலில் எடுக்கும்போதும் அதைக் கழற்றாமல் விட்டிருக்கிறார். ஒரு கோயில் கமிட்டி முழுவதும் கரிமூட்டத்திலிருந்து எழுந்து வந்தவர்கள்போல நின்றது. வெயிலே போதும், பச்சை பல்புக்குத்தான் என்று விளக்கிச் சொல்லி அனுப்பினேன்.

எழுபதுகளில் அண்ணாச்சிக்கு அறுபதாம் கல்யாணம் வந்தது. திருச்சுழியிலேயே கோயிலில் வைத்து நடந்தது. மறுநாள் புருஷனும் பெண்டாட்டியும் பட்டுடுத்தி, மாலையோடு எங்கள் ஸ்டுடியோவுக்கு வந்தார்கள். இருவரும் ஒரே படத்தில் உட்கார வேண்டும்.

"பச்சையப் போடுங்க தம்பி" என்றார் அம்மா.

"பச்சையப் போடாதீக தம்பி" என்றார் அண்ணாச்சி.

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். பாதிக் கண்ணாடியை மட்டும் மாட்டலாமா என்றுகூட யோசித்தேன். மாலை நடுவில் நிறம் மாறிவிடும். கடைசியில் உள்ளே போய்ப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து அண்ணாச்சியிடம் கொடுத்தேன். அவர் தயங்கவில்லை. எங்கள் கண்ணாடிக்கு முன்னால் நின்று, கழுத்து காது ஒன்றும் விடாமல் தாராளமாகப் பூசிக்கொண்டார். அவர் திரும்பியபோது அந்த அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அம்மா இப்படிச் சிரித்து இருபது வருஷமாகத் தான் பார்த்ததில்லை என்று கூட வந்த மகள் சொன்னாள். சிரிப்பு அடங்குமுன் படத்தை எடுக்கச் சொன்னேன். பச்சையைப் போட்டுத்தான்.

அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் கடையில் மாட்டினார்கள். அம்மா கறுப்பாக, களையாக, நெற்றி நிறையப் பொட்டோடு சிரித்துக்கொண்டிருப்பார். பக்கத்தில் சுண்ணாம்பு அடித்த சுவர்போல ஒருவர், மாலைக்குள் விறைத்து உட்கார்ந்திருப்பார். ஒருமுறை நான் அங்கே புளி வாங்கப் போயிருந்தபோது, சரக்கு எடுக்க வந்த ஒரு வெளியூர்க்காரர் படத்தைப் பார்த்து, "பக்கத்துல இருக்கிறது யாரும்மா, துரை மாதிரி இருக்காரு?" என்று கேட்டார்.

கல்லாவில் உட்கார்ந்திருந்த அண்ணாச்சி காது கேட்காதவர்போல வெளியே தெருவைப் பார்த்தார்.

"எங்க வீட்டுக்காரருதான்" என்று அந்த அம்மா புளியைத் தராசில் போட்டார். "அன்னைக்கு மட்டும் அப்படி இருந்தாக."